எண்பது கிராம் அடுப்பு

தொழிற்சாலை கேண்டீனில் தினமும் இருநூறு பேருக்குச் சமைக்கிற மச்சினியிடம் அடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அத்தான் கேட்கவில்லை. கூடாரம் போட்டுத் தங்கும் பயணத்துக்காக மூன்று வாரம் போனில் அடுப்பு வீடியோ பார்த்தார். ஒரு தாளில் கட்டம் போட்டு எடை, உயரம், சுடரின் வேகம் என்று எழுதி நிரப்பினார். வீட்டில் பால் பொங்கினால்கூட இன்னொரு அறையிலிருக்கும் அக்காவைக் கூப்பிட்டு அணைக்கச் சொல்கிற மனிதர் அவர்.

அடுப்பு வாங்கப் போன அன்று அக்கா அவளையும் இழுத்துக்கொண்டு போனாள். கடைக்காரரிடம் அத்தான் முதலில் கேட்டது, பனிமலை உச்சியில் இது எரியுமா என்பதுதான். அவர்கள் போகப்போவதோ ஏரிக்கரைக்கு. கூடாரம் போடும் இடம் வரை கார் போகும். கடைக்காரர் விவரமானவர். இரண்டு பர்னரும் மூன்று பக்கம் காற்றுத் தடுப்பும் உள்ள, பெட்டி மாதிரி மூடி எடுத்துப்போகும் அடுப்பு ஒன்றைக் காட்டினார். அத்தான் அதைத் தூக்கிப் பார்த்து முகம் சுளித்தார். பிறகு உள்ளங்கையில் அடங்குகிற ஒன்றைப் பொறுக்கினார். கேஸ் டப்பாவின் தலையில் திருகி வைக்கிற சமாசாரம்.

"வெறும் எண்பது கிராம்," என்றார், தானே பெற்றெடுத்த மாதிரி.

அவள் சொல்லிப் பார்த்தாள். "தூக்கப் போறது நீங்க இல்ல அத்தான், காரு. அஞ்சு பேருக்கு வைக்கிற பாத்திரம் இதுமேல நிக்காது. காத்தடிச்சா தீயும் நிக்காது."

"நீ கேண்டீன்ல சமைக்கிறவ. இது வேற விஷயம்மா," என்றார் அவர், பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த குழந்தையிடம் பேசுவதுபோல.

கேண்டீனில் அதே மாதிரிப் பெட்டி அடுப்பு ஒன்று சும்மா கிடந்தது. எடுத்துப்போகச் சொல்லி மேலாளரே அனுமதி கொடுத்திருந்தார். அக்காவின் இரண்டு பெண்களிடமும் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தாள். அந்த 'வேற விஷயம்மா' காதில் விழுந்ததும் மனசை மாற்றிக்கொண்டாள். படட்டும். கிளம்புகிற காலையில் கேண்டீன் அலமாரியைத் திறந்து, அதை ஒருமுறை பார்த்து, மூடிவிட்டு வந்தாள்.

ஏரிக்கரையில் மதியம் காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. எண்பது கிராமின் மேல் பெரிய பாத்திரம் முக்காலியில் ஏறிய யானை மாதிரி ஆடியது. தீ ஒருக்களித்துப் படுத்துக்கொண்டது. முக்கால் மணி நேரமாகியும் உருளைக்கிழங்கு கல்லாகவே கிடந்தது. அத்தான் ஈரப்பதம் என்றார், தரை மட்டமில்லை என்றார். கடைசியில் ஒரு தகரத் தட்டை வளைத்து அடுப்பையும் டப்பாவையும் சேர்த்து மூடப் போனார்.

"சுத்தி மூடாதீங்க. டப்பா சூடேறி வெடிக்கும்," என்று அவள் அதட்டினாள்.

பதறிக் கையை இழுத்ததில் அவர் முழங்கை பட்டு, பாத்திரம் மணலில் கவிழ்ந்தது. தண்ணீர் நாலா பக்கமும் ஓடியது. யார் காலும் வேகவில்லை. அந்த அடுப்பின் புண்ணியம்.

அவள் சிரிப்பை அடக்கச் சிரமப்பட்டாள். அப்போதுதான் சின்னவள் கேட்டாள், "சித்தி, உங்க அடுப்பக் கொண்டு வரேன்னீங்களே?"

அக்கா திரும்பினாள். "மறந்துட்டியா?"

ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அத்தானின் முன்னால் மறதிக்காரி ஆவதற்கு மனசு வரவில்லை. "வேணும்னுதான் வச்சுட்டு வந்தேன்," என்றாள்.

அக்கா சத்தம் போடவில்லை. இருபது வருஷமாகப் புருஷனைப் பார்க்கிற அதே பார்வையைத் தங்கையின் மேல் வைத்தாள். "அவருக்குத் தெரியாது, செஞ்சாரு. உனக்குத் தெரியும். தெரிஞ்சே பிள்ளைங்களப் பட்டினி போட்டிருக்க."

பக்கத்துக் கூடாரத்தில் வயதான தம்பதி சாப்பிட்டு முடித்திருந்தார்கள். அக்கா போய் இரண்டு வார்த்தை பேசி அவர்களுடைய அடுப்பை வாங்கி வந்தாள். காரை ஓரமாக நகர்த்தி நிறுத்தி, அதன் மறைவில் பற்றவைத்தாள். புருஷன், தங்கை இருவரில் யாரையும் கிட்டே விடவில்லை. கிழங்கில் ஒட்டிய மணலைக் கழுவிக்கொண்டு வரச்சொல்லி மட்டும் கூடையை நீட்டினாள்.

அவளும் அத்தானும் தண்ணீரோரம் குந்தி ஒவ்வொன்றாகக் கழுவினார்கள். நாலாவது கிழங்கில் அத்தான் மெல்லச் சொன்னார், "டப்பாவுலதான் ஏதோ கோளாறு."

பதில் நாக்கு நுனியில் இருந்தது. முதுகில் அக்காவின் பார்வையும் இருந்தது. அவள் அடுத்த கிழங்கை எடுத்தாள்.