பெட்டியின் சுவர்கள்

மலேசியாவின் காம்பார் நகரில் ஒரு கல்லூரியில் திருக்குமரன் இயற்பியல் விரிவுரையாளர். பதினோரு வருடமாக அவருக்கு ஒரே கேள்விதான். விண்மீன் மண்டலங்களின் ஓரத்து விண்மீன்கள் கணக்கை மீறின வேகத்தில் சுற்றுகின்றன, ஏன்? கண்ணுக்குத் தெரியாத பொருள் ஏதோ இழுக்கிறது என்கிறார்கள் பலர். அவர் ஒப்பவில்லை. களிமண்ணில் அழுத்தத்தை இரட்டிப்பாக்கினால் ஊறும் தண்ணீர் சரியாக இரட்டிப்பாவதில்லை. ஈர்ப்பும் அப்படி நேர்க்கணக்கில் அடங்காதது என்றார். அவருடைய கணினி நிரலும் அதையே காட்டியது.

கணினிக்கூடத்தைப் பார்த்துக்கொண்டவள் நவமணி, ஆயர் தாவார் ஊர்க்காரி. புதிதாக வந்த கணினிகள் எவ்வளவு தாங்கும் என்று பார்க்க அவருடைய நிரலை ஓட்டினாள். அதில் விண்மீன் மண்டலம் ஒரு கற்பனைப் பெட்டிக்குள் இருக்கும். பெட்டியை இரண்டு மடங்கு பெரிதாக்கினாள். ஓரத்து விண்மீன்கள் மெதுவாகிவிட்டன. மூன்று தடவை ஓட்டியும் அப்படித்தான்.

மறுநாள் மத்தியானம் அவர் ஈப்போவில் ஒரு கருத்தரங்கில் பேச வேண்டும். அன்று காலையிலேயே போய்ச் சொன்னாள்.

“சார், அந்தக் கூடுதல் இழுப்பு ஈர்ப்பால வரலை. பெட்டியோட சுவரால வருது.”

“உங்களை யாரு அதைத் தொடச் சொன்னது?”

அவள் கணினிக்கூடத்துக்குத் திரும்பினாள். ஒரு மணி நேரம் கழித்து அவரே வந்து நிரலை ஓட்டிப் பார்த்தார். அதே விடை. எழுந்து போய்விட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தாள். காருக்குள் ஏறியவர் கிளம்பவே இல்லை. இறங்கிப் போனாள். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தார்.

“தள்ளி உக்காருங்க சார். நான் ஓட்டுறேன்.”

ஈப்போ போகும் வழியில் கோப்பேங்கைத் தாண்டும்போது அவர் கேட்டார். “பேச்சை ரத்து பண்ணிடவா?”

“நீங்கதான் முடிவு பண்ணணும் சார். ஆனா இன்னிக்கி விட்டா நாளைக்கி இன்னும் கஷ்டம் லா.”

மேடையில் பழைய பெட்டி, பெரிய பெட்டி இரண்டின் வரைபடங்களையும் காட்டினார். “என் முடிவு தப்பு. கண்டுபிடிச்சது நவமணி, பின்வரிசையில இருக்காங்க.”

“அப்போ உங்க கொள்கையே தப்பா?” என்று ஒருவர் கேட்டார்.

“தெரியலை. பதினோரு வருஷமா நான் அதைச் சோதிக்கவே இல்லை. சுவரைத்தான் சோதிச்சிருக்கேன்.”

இந்தக் கொள்கை பற்றி முன்பு வெளியான தன் கட்டுரையை அவரே திரும்பப் பெற்றார். அந்த வருடம் எதிர்பார்த்த பதவி உயர்வு கிடைக்கவில்லை. நவமணிக்குப் பல வாரம் அவர் முகத்தைப் பார்க்கக் கூசியது. அவரோ தினமும் கணினிக்கூடத்துக்கு வந்தார். இருவரும் உட்கார்ந்து நிரலை முதலிலிருந்து எழுதினார்கள். எட்டு மாதம் பிடித்தது.

புதிய நிரலில் ஓட்டிப் பார்த்த ஒன்பது விண்மீன் மண்டலங்களில் ஏழில் கூடுதல் இழுப்பு காணாமல் போயிற்று. இரண்டில் மட்டும் கொஞ்சம் மிஞ்சியது.

“சார், இழுப்பு இருக்கு சார்!” என்று அவள் துள்ளினாள்.

“அவசரப்படாதீங்க” என்றார், வந்த சிரிப்பை அடக்க முடியாமல். “முதல்ல நாம எங்க தப்புப் பண்ணியிருக்கோம்னு தேடுங்க.”