குடத்தில் வைத்த திருநீறு

“அப்பா, வச்ச திருநீறத் துடைக்கலாமா?”

பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்குத் திரும்பும் இரயிலில் ஆறு வயது ரமணி கேட்டாள். இராமலிங்கம் அவள் கையில் ஒரு முறுக்கைத் திணித்தார். அவள் தின்றாள். கேள்வி மட்டும் அவரோடு வீடு வந்து சேர்ந்தது.

கிள்ளான் ஆற்றங்கரையில் அவர் மாடு பூட்டிய படகு வண்டி ஓட்டினார். தார் பூச வேண்டிய படகுகளை நீரிலிருந்து ஏற்றி மேட்டுக்கு இழுத்து வருவது தொழில். வண்டி பழையது. உப்புத் தண்ணீரில் இறங்கி ஏறி, ஆரக்கால்கள் வந்து சேரும் நடுக்கட்டையான குடம் இரண்டு சக்கரங்களிலும் மக்கிவிட்டது.

புதுக் குடம் பார்க்கத்தான் பிரிக்பீல்ட்ஸில் தம்புசாமியின் வண்டிப் பட்டறைக்குப் போயிருந்தார். அங்கே இரண்டு ஜோடிகள் இருந்தன. ஒன்று வைரம் பாய்ந்த மரம், தட்டினால் கணீரென்றது. மற்றதன் ஓரமெல்லாம் வெளிறிய இளமரம். நல்ல ஜோடியின் மேல் திருநீறு பூசியிருந்தது. ஒருவருக்கென்று எடுத்துவைத்த மரத்துக்குத் திருநீறு வைப்பது அந்தப் பட்டறை வழக்கம். பிறகு அதை யாரும் தொடமாட்டார்கள். பூட்டுக்கு அங்கே வேலை இருந்ததில்லை.

“அது ஒங்க ஊரு மாரியாயிக்கு அண்ணே. புருசன் போனப்பறம் அந்த விறகு வண்டிதான் அதுக்குச் சோறு,” என்றார் தம்புசாமி. “ஒங்களுக்கு அடுத்த மாசம் நல்லது வரும். அவசரம்னா இத எடுங்க. நான் சுங்கை பூலோவுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போறேன். பட்டறை ஆளுங்க சக்கரமா மாட்டி ரயில்ல போட்டுடுவாங்க.”

அவர் போனதும் இராமலிங்கம் அங்கேயே நின்றார். தண்ணீரில் இறங்குவது தன் வண்டிதானே, விறகு வண்டிக்கு எந்த மரமும் போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு துண்டின் நுனியால் திருநீற்றைத் துடைத்தார். தன் நெற்றியிலிருந்து கொஞ்சம் தொட்டு, வெளிறிய ஜோடியில் வைத்தார். ரமணி பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆட்கள் திருநீற்றைப் பார்த்தே சக்கரங்களை அனுப்பினார்கள்; நல்ல ஜோடி இராமலிங்கத்துக்கு வந்தது. ஐப்பசி மழையில் ஒரு நாள், ஏற்றிய படகோடு அவர் வண்டி கரைச் சேற்றில் புதைந்தது. விறகு இறக்கிவிட்டு அவ்வழியே வந்த மாரியாயி, யாரும் கேட்காமலேயே தன் மாடுகளை அவிழ்த்து வந்து முன்னால் பூட்டினாள்.

“படகு தண்ணியில போவும்னு கேள்விப்பட்டிருக்கேன். ஒங்க படகு என் மாட்டு முதுகுலல்லா போவுது அண்ணே.”

கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வண்டி மேடேறியது. அவள் மாடுகளைத் தன் வண்டியில் பூட்டி நகர்ந்தபோது, அதன் சக்கரங்கள் கிறீச்சிட்டு ஆடின. ஆரக்கால்கள் குடத்தில் தளர்ந்திருந்தன.

“என்ன தங்கச்சி, சக்கரம் ஆடுது?” என்று கேட்டார் இராமலிங்கம்.

“தெரியலண்ணே. தம்புசாமி அண்ணன் பாத்து வச்சது, திருநீறோட வந்துச்சு. அதக் குத்தம் சொல்லக்கூடாது. நான்தான் பேராசையில பாரம் ஏத்திட்டேன் போல. இப்பப் பாதிதான் ஏத்துறேன்.”

பாதி விறகு என்றால் பாதி அடுப்பு. அவள் யாரையும் குறை சொல்லவில்லை, தன்னையே சொல்லிக்கொண்டாள். இராமலிங்கத்தால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரு மனிதனைத் திருத்த நினைக்கும் ஆண்டவன், பெரும்பாலும் இப்படிச் சிறிய உதவியைத்தான் அனுப்பிவைக்கிறான்.

வெள்ளிக்கிழமை பகலில் மாரியாயி கோயிலுக்குப் போயிருந்தாள். அவள் வண்டி கொட்டகையில் தனியே நின்றது. இரண்டு வண்டிகளுக்கும் அச்சு ஒரே அளவு. இராமலிங்கம் தன் சக்கரங்களை ஒவ்வொன்றாக உருட்டி வந்தார். அவள் வண்டிக்கு முட்டுக்கொடுத்து, கடையாணிகளைத் தட்டி எடுத்து, ஆடிய சக்கரங்களைக் கழற்றினார். தன்னுடையவற்றை மாட்டி, அச்சுக்கு வண்டி மை தடவி, கடையாணிகளை இறுக்கினார். தம்புசாமியிடம் போய் உண்மையைச் சொல்லி வேறு குடம் கேட்கும்வரை படகு வண்டி ஓடாது. ஓடாமல் இருக்கட்டும்.

சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்தார். சத்தமில்லை. நெற்றியிலிருந்து திருநீற்றைத் தொட்டு, அன்று துடைத்த இடத்திலேயே வைத்தார்.