மாமாவின் கை சொன்னால்

அன்று மத்தியானம் மணலில் கூடியிருந்தவர்கள் நாலு பேர். வண்டியை ஓட்டும் கேப்டனம்மா, காற்றிறங்கிச் சுருண்டு கிடந்த ரப்பர் மடிப்பின் மேல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எதிரே, கிழிசலை மடியில் போட்டுக்கொண்டு, வண்டியின் ரப்பர்ப் பாவாடையைத் தைத்து ஒட்டும் பாவாடைக்காரர். இன்ஜின்காரன் கவிழ்த்த வாளி மேல், முழங்காலில் அட்டையும் காகிதமுமாக. அவனுடைய அக்கா புருஷன், ஊருக்கே மாமா, இறங்குபலகையின் ஓரத்தில், முதுகுக்குப் பின்னால் இரும்புச் சுவரும் எதிரே எல்லார் முகமும் இருக்கும்படி பார்த்து உட்கார்ந்திருந்தார். எப்போதும் அந்த இடம்தான். ஏன் என்று அன்றைக்குத்தான் இன்ஜின்காரனுக்கு உறைத்தது.

வண்டிக்கு அவர்கள் வைத்த பெயர் உப்பி. சுற்றிலும் ரப்பர்ப் பாவாடை. அதற்குள் காற்றை அடைத்தால் உப்பிக்கொண்டு எழும். கப்பலிலிருந்து ஜீப்பையும் சிப்பாய்களையும் சுமந்து, அலைமேல் வழுக்கி, நேரே மணலில் ஏறிவிடும். இரைச்சலோ காதைப் பிய்த்துவிடும். அதனால் எல்லாப் பேச்சும் கையால்தான். கேப்டனம்மா கண்ணாடிக்குள்ளிருந்து கை காட்டுவாள். மாமா கீழே நின்று ஜீப்பை இறக்குவார்.

காலைப் பயிற்சியில் உப்புத்தண்ணீர் தெறித்துக் கண்ணாடி மங்கிவிட்டது. கை தெரியாதென்று, தலையில் மாட்டிய ஒலிவாங்கியில் "பொறுங்க, பலகை சாஞ்சிருக்கு" என்று மூன்று தரம் சொன்னாள். காதில் கருவி மாட்டியிருந்தும் மாமா ஜீப்பை வரச்சொல்லிக் கை காட்டினார். அது ஓரம் சறுக்கிப் பாவாடையைக் கிழித்தது.

சாயங்காலத்துக்குள் அறிக்கை போகவேண்டும். கருவி பழுது என்று எழுதிவிடலாம் என்றாள் கேப்டனம்மா. கருவி வந்தா சாட்சி சொல்லப்போகுது என்றார் பாவாடைக்காரர். காது கேட்காதவர் என்று தெரிந்தால் மாமாவை மறுநாளே மூட்டை கட்டச் சொல்லிவிடுவார்கள். மூவருக்கும் அதுதான் கவலை.

அவர்கள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்த மாமா கை உயர்த்தினார்.

"பொய் எழுதாத மாப்ள. இன்னிக்கு ரப்பர் கிழிஞ்சுது. நாளைக்கு அங்க ஒரு ஆள் நிப்பான்."

"எத்தன நாளா மாமா?"

"ஆறு மாசம். வீட்ல உங்கக்கா என்ன சொன்னாலும் தலையாட்டினேன். மனுஷன் திருந்திட்டான்னு பூரிச்சுப்போயிட்டா. அதக் கெடுக்கணுமா?"

பாவாடைக்காரர் சிரித்துக் குத்தூசியால் விரலைக் குத்திக்கொண்டார்.

இன்ஜின்காரன் பேனாவைத் திறந்தான். நடந்ததை மணிவாரியாக எழுதினான், காதையும் மறைக்கவில்லை. பிறகு கொஞ்சம் யோசித்து இப்படிச் சேர்த்தான்: "கரையில் கொடி பிடித்து வண்டியை மணலுக்கு ஏற்றும் வேலைக்குக் காது தேவையில்லை, கண்ணும் கையும் போதும். அந்த வேலையை இவருக்குத் தரும்படி கேட்டுக்கொள்கிறோம்." மாமா படித்துப் பார்த்து, 'இவருக்கு' என்பதை அடித்துவிட்டு 'எனக்கு' என்று எழுதி, 'கேட்டுக்கொள்கிறோம்' என்பதில் மட்டும் கை வைக்காமல், கையெழுத்துப் போட்டார். மற்ற மூவரும் கீழே வரிசையாகப் போட்டார்கள்.

உறைக்குப் பாவாடை ஒட்டும் பசைதான் கிடைத்தது. இனி இதை வெடிவைத்துத்தான் திறக்கணும் என்றாள் கேப்டனம்மா.

தலைமை அலுவலகத்துக்குப் புறப்பட்டது காலையில் சறுக்கிய அதே ஜீப். மணலில் பின்சக்கரம் புதைந்திருந்தது. மாமா இருபது அடி தள்ளிப் போய் நின்று இரண்டு கையையும் தூக்கினார். ஓட்டுகிறவன் ஒரு கணம் கேப்டனம்மாவைப் பார்த்தான். அவள் மாமாவைக் காட்டினாள்.

கொஞ்சம் பின்னே. இடது. நில். இப்போது வா.

ஜீப் மெல்ல ஏறி, கடிதத்தோடு ரோட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.