சாவி தொங்கும் கதவு

இம்ஜார் துறையில் கப்பலை விட்டு இறங்கும் சுற்றுலாப் பயணிகள் பஸ்ஸில் உட்கார்ந்ததும், வழிகாட்டியான நான் முதலில் சொல்வது சாவியைப் பற்றித்தான்.

"எங்க கோஸோ தீவுல வாசக்கதவுச் சாவி வெளிப்பக்கமே தொங்கும். வீட்டு மனுஷங்க திருகிட்டு உள்ள வந்துருவாங்க. வெளியாளுங்கதான் தட்டுவாங்க."

டிரைவர் இந்த்ரி எங்கள் மொழியில் முணுமுணுப்பான்.

"சால்வினாக்கா, ஒரு நாள் எவனாவது ஜெர்மன்காரன் உன் கட்டில்ல குறட்டை விடப் போறான்."

"விடட்டும்டா. உன் வீட்டுக்கு வந்தா உன் பொண்டாட்டி சமையலைத் தின்னுட்டுச் செத்துருவான்."

சிரித்துக்கொள்வோம். என் கணவன் விஸ்தின் எதிரே இருக்கும் பெரிய தீவில் வேறொருத்தியோடு இருப்பது ஊருக்கே தெரியும். விவாகரத்தும் ஆகிவிட்டது. ஆனாலும் நான் சாவியைக் கதவிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால், அவன் வரமாட்டான் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

போன வாரம் அவன் போன் செய்தான். "வியாழக்கிழமை வரேன். உங்கிட்ட பேசணும்."

அந்தக் குரலில் தயக்கம் இருந்தது. அதை வருத்தம் என்று எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. லீவு போட்டேன். அவனுக்குப் பிடித்த ஆட்டுப்பால் சீஸ் வாங்கினேன். மெத்தை விரிப்பை மாற்றிவிட்டு, வெட்கப்பட்டு, பழையதையே திரும்ப விரித்தேன்.

வியாழக்கிழமை சமையலறையில் நின்றபடி சாவி திரும்பும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

அவன் கதவைத் தட்டினான்.

போய்த் திறந்தேன். "உள்ள வரலாமா?" என்றான். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

"எங்க கல்யாணம் மாதா கோயில்லதான் நடக்கணும்னு அவ அம்மா சொல்றாங்க" என்றான்.

"நடத்திக்க."

"விவாகரத்தைக் கோயில்ல ஏத்துக்க மாட்டாங்க சால்வி. நம்ம கல்யாணம் ஆரம்பத்துலேருந்தே செல்லாதுன்னு பிஷப்போட நீதிமன்றம் சொல்லணும். நான் அப்போ முழு மனசோட சம்மதிக்கலன்னு எழுதிக் குடுத்திருக்கேன். உன்னைக் கூப்பிடுவாங்க. இல்லைன்னு மட்டும் சொல்லிடாத."

"சம்மதிக்கலையா நீ? பாதிரியார் கேட்டு முடிக்கிறதுக்குள்ள நீ 'சரி'ன்னு கத்தினதுல கோயிலே சிரிச்சுதே."

"அதையெல்லாம் அங்க சொல்லாத."

எனக்குள் கோபத்தைத் தேடினேன். அகப்படவில்லை. இல்லை என்று நான் மறுத்தால், என்னோடு சேர்ந்து சிரித்த ஒருவன் இருந்தான் என்பதாவது மிஞ்சும். ஆனால் அந்த ஒருவனுக்கே அது வேண்டாம். தனியாக அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

"சரி" என்றேன்.

அவன் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்காமல், "சீஸ் இருக்கு, சாப்பிடுறியா?" என்று கேட்டேன்.

"கப்பலுக்கு நேரமாச்சு" என்று எழுந்தான்.

மறுநாள் புதிய கூட்டம். முன் இருக்கையில் இருந்த வயதான பெண்மணி அன்பாகத்தான் கேட்டாள்:

"உங்க வீட்டுக்காரரும் இந்தத் தீவுதானா?"

"எனக்குக் கல்யாணம் ஆகலைங்க" என்றேன்.

சொல்லிப் பார்க்கத்தான் சொன்னேன். தடங்கலில்லாமல் வந்தது. இந்த்ரி கண்ணாடியில் என்னைப் பார்த்தான். வண்டியைக் கிளப்பினான்.