முதல் பெஞ்சில் சொல்வதெழுதல்

வீட்டில் பத்து வார்த்தையும் எழுதுகிறவள் வகுப்பில் இரண்டைத் தாண்டுவதில்லை. அதே பென்சில், அதே நோட்டு, அதே கை. ஏன் என்று அம்மாவுக்குப் பிடிபடவில்லை.

மகளுக்கு ஏழு வயது. வீட்டில் கடுகு என்று கூப்பிடுவார்கள். உடம்பை நிமிர்த்திப் பிடிக்கும் தசைகளில் பிறவியிலேயே வலு குறைவு. தலைமையாசிரியை அவளை ஒரு மாதம் பார்க்கலாம் என்றுதான் சேர்த்திருந்தார். அந்த மாதம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது.

"நான் வேண்டாம்னா சொல்றேன்? பிள்ளைக்கு வரலையேம்மா. ஸ்பெஷல் ஸ்கூல்ல விட்டா நிம்மதியா இருக்கும்."

"யாருக்கு டீச்சர் நிம்மதி? ஒரே ஒரு பீரியடு பின்னாடி உட்கார்ந்து பாக்கறேன். வாயே திறக்க மாட்டேன்."

"நீங்க? வாயைத் திறக்காம?" தலைமையாசிரியைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, வாங்க." அந்த வகுப்பை எடுப்பதும் அவர்தான்.

அம்மா தையல் வேலை செய்கிறவள். தையல் கோணினால் துணியைக் குறை சொல்ல மாட்டாள், மிஷினுக்கு அடியில் குனிந்து பார்ப்பாள். வியாழனன்று வகுப்பிலும் மகள் உட்கார்ந்திருந்த முதல் பெஞ்சுக்கு அடியில்தான் பார்த்தாள்.

கடுகின் பாதங்கள் தரையைத் தொடாமல் தொங்கின. கால் ஊன்றாததால் உடம்பு சரிந்தது. சரிவைத் தடுக்க இடது கை பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டது. அந்தக் கை அங்கே மாட்டிக்கொண்டதால் நோட்டைப் பிடிக்க ஆளில்லை. வலது கை எழுத எழுத நோட்டு நகர்ந்துபோனது. வீட்டில் அவள் எழுதுவது தையல் மிஷின் மேல். பாதம் இரண்டும் மிதிபலகையில் இருக்கும்.

அம்மா எழுந்து போய்த் தன் துணிப்பையை மகளின் காலடியில் வைத்தாள். இடது கை மேலே வந்து நோட்டைப் பிடித்தது. நான்கு வார்த்தைகள் ஒழுங்காக விழுந்தன.

"பை அமுங்கிப்போச்சும்மா," என்றாள் கடுகு.

"நாளைக்குப் பலகை கொண்டுவரேன் டீச்சர்."

"பெஞ்சுல ஆணி அடிக்கற வேலையெல்லாம் வேண்டாம்."

"அடிக்கலை. கட்டறேன்."

வெள்ளிக்கிழமை கடுகு பத்தும் எழுதினாள்.

"ஒண்ணு தப்பு," என்றார் தலைமையாசிரியை.

"மத்த பிள்ளைங்களுக்கு?"

"நாலு தப்பு, அஞ்சு தப்புன்னு இருக்கு." அவர் வருகைப் பதிவேட்டை இழுத்து, பென்சிலில் எழுதியிருந்த கடுகின் பெயரை அழித்துவிட்டுப் பேனாவால் எழுதினார்.

முதல் பெஞ்சின் மேசைக்கு அடியில், ஆறு அங்குல உயரத்தில், இரண்டு செங்கல் மேல் ஒரு நீளப் பலகை கிடக்கிறது. நகராமல் இருக்க மேசைக் கால்களோடு நாடாவால் கட்டியிருக்கிறது. பக்கத்துப் பிள்ளைகள் இருவரும் அதன் மேல்தான் கால் வைத்துக்கொள்கிறார்கள்.