ஏழாம் நம்பர் சட்டை

தம்பியைத் தேடி இன்பமலர் ஏறி இறங்காத இராணுவ முகாம் வாசல் இல்லை. போன இடமெல்லாம் ஒரே கேள்வி, ஒரே பதில். கேட்டுக் கேட்டு வாயே சலித்துவிட்டது. அதனால்தானோ என்னவோ, கிராம சேவகர் குலசிங்கம் ஒருநாள் காலை வாசற் படலையடியில் வந்து நின்றபோது அவளுக்கு நெஞ்சு பதறவில்லை.

“கப்பல்துறைப் பக்கம் ஒரு பாழ்ங்கிணத்துக்கை இருந்து ஒராளை எடுத்திருக்கினம், பிள்ளை. முகத்தைப் பாத்து ஒண்டும் சொல்லேலாது. நீலச் சேட்டு. முதுகிலை ஏழாம் நம்பர் போலக் கிடக்காம்.”

குடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். “எங்கை போறாய்?” என்று உள்ளேயிருந்து தாய் மரியம்மா கேட்டாள். “சந்தைக்கு” என்றாள்.

ஏழு, தம்பி லெஸ்லியின் நம்பர். தொண்ணூறின் தொடக்கத்தில், சண்டை ஓய்ந்திருந்த சில மாதங்களில், அவன் பந்தடித்த வெண்சங்குக் கழகம் தன் ஐம்பதாம் ஆண்டுக்கு ஓர் ஆட்டம் வைத்தது. துறைமுகத் தொழிலாளர்கள் கழகத்தைத் தொடங்கியபோது போட்ட பழைய மாதிரிச் சட்டையையே எல்லாரும் போடுவதென்று முடிவு. ஆடுகிறவர்களுக்குத் தையற்காரர் மஹ்ரூப் அளவெடுத்துத் தைத்தார். நம்பரை வெள்ளைத் துணியில் வெட்டி முதுகில் வைத்துத் தைத்தார். பார்க்க வருகிறவர்களுக்கு விற்பதற்குக் கொழும்பிலிருந்து அதே மாதிரிச் சட்டைகள் வந்தன. அவற்றில் நம்பர் வெறும் அச்சு. எட்ட நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

அன்புவழிபுரத்துத் தவராசா வாங்கியதும் ஏழாம் நம்பர்தான். லெஸ்லி பந்தோடு ஓடினால் கோட்டுக்கு வெளியே அவனும் கூடவே ஓடுவான். ஆனியில் சண்டை மறுபடி வெடித்த அன்று பின்னேரம், மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தவர்களையும் பார்த்துக்கொண்டு நின்றவர்களையும் இராணுவத்தினர் சுற்றிவளைத்து ஏற்றிக்கொண்டு போனார்கள். லெஸ்லியும் தவராசாவும் அந்தச் சட்டையோடுதான் போனார்கள்.

ஆஸ்பத்திரியின் பின்விறாந்தை வாங்கில் தவராசாவின் மனைவி புஷ்பவதி ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தாள். எத்தனையோ முகாம் வாசல்களில் இரண்டு பேரும் ஒன்றாக வெயிலில் காய்ந்தவர்கள். இன்று அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“நான் பாத்திட்டன், மலரக்கா. அது லெஸ்லியின்ர.”

மேசையில் பொலித்தீனை விரித்துச் சட்டையை வைத்திருந்தார்கள். நீலம் சேற்று நிறமாகிவிட்டது. முதுகில் ஏழு இருந்த இடம் மட்டும் கொஞ்சம் கறுத்துத் தெரிந்தது. இன்பமலர் அதை உட்புறமாகப் புரட்டி விரலால் தடவினாள். அந்த ஆட்டத்தில் எதிரணிக்காரன் ஒருவன் பிடித்து இழுத்ததில் லெஸ்லியின் நம்பர் பாதி கிழிந்து தொங்கியது. இரட்டை நூல் போட்டு அவளே அதைத் திரும்பத் தைத்தவள். நூல் இற்றுப்போனாலும் ஊசி ஏறிய துளைகள் இருக்க வேண்டும். இங்கே ஒரு துளைகூட இல்லை. ஓர் ஓரத்தில் அச்சுப் பசை மட்டும் காய்ந்து ஒட்டியிருந்தது.

“தம்பியின்ரதோ?” என்று குலசிங்கம் கேட்டார்.

ஓம் என்று சொல்ல அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். ஒரு பெட்டி, ஒரு பூசை, ஒரு குழி. அம்மா பின்னேரமானால் படலையைப் பார்த்துக்கொண்டு இருக்கமாட்டாள். புஷ்பவதியும் வீட்டுக்குப் போய், அப்பா வருவார் என்று பிள்ளைகளிடம் சொல்லலாம். இதில் யாருக்கு என்ன நட்டம்?

பிறகு, புஷ்பவதி கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தன்னந்தனியாக வாசல் வாசலாக நிற்பது கண்முன் வந்தது. எங்கேயாவது ஒரு மூலையில் லெஸ்லி உயிரோடு இருந்து, அவனைக் கேட்டு இனி ஒருவரும் வராமற்போவதும் வந்தது.

“இல்லை, ஐயா. இது கடைச் சேட்டு. எங்கட தம்பியின்ரதிலை நம்பர் தைச்சது.”

புஷ்பவதி சத்தம்போட்டு அழவில்லை. சேலைத் தலைப்பைச் சுருட்டி வாய்க்குள் வைத்துக் கடித்தாள்.

“எனக்குத் தெரியும், அக்கா. கழுத்துப் பட்டி பிரிஞ்சதை நான்தான் பச்சை நூலாலை பிடிச்சனான். அது இன்னும் கிடக்கு. நீங்கள் ஓம் எண்டு சொன்னா நானும் அப்பிடியே நம்பிப்போடலாம் எண்டு இருந்தனான்.”

இன்பமலர் அவளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

மறுநாள் தவராசாவைத் தகனம் செய்தார்கள். இன்பமலர் செத்த வீட்டுக் குசினியில் நின்று, வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினாள். புஷ்பவதி அவளோடு கதைக்கவில்லை. எட்டாம் நாள், எட்டுச் செலவுச் சடங்குக்குப் போனபோதும் கதைக்கவில்லை. அதற்குமேல் இன்பமலர் அங்கே போகவில்லை. புஷ்பவதிமேல் கோபமும் வரவில்லை.

அடுத்த மாதம் பழையபடி முகாமுக்குப் போனாள். வாசலில் நின்ற தமிழ் தெரிந்த காவற்காரனுக்கு ஆளை அடையாளம் தெரிந்தது.

“மற்ற அக்கா வரேல்லையோ?”

“அவவுக்கு ஆள் கிடைச்சிட்டார்.”

“நல்லதாப் போச்சு” என்று அவன் உண்மையான சந்தோசத்தோடு சிரித்தான்.

“ஓம்” என்று சொல்லிவிட்டு அவள் வரிசையில் போய் நின்றாள்.