பிரிந்த விதம்

சண்டிலிப்பாயில் இருபது வருடம் ஆங்கிலம் படிப்பித்த கனகாம்பிகைக்கு ஒரு ஆங்கில வினைச்சொல்லைத் தெரிவுசெய்ய மூன்று நாள் பிடித்தது. போரில் காணாமல் போன கணவரையும் மகன் கோகுலனையும் தேடித் தரும்படி வெளிநாட்டு நிறுவனமொன்றுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். ஷெல் விழுந்தபோது குடும்பம் என்ன ஆனது என்ற இடத்தில் பேனை நின்றுவிட்டது. ‘டிஸ்பேர்ஸ்’ என்றால் கூட்டம் முடிந்து ஆட்கள் வீட்டுக்குக் கலைந்ததுபோல இருந்தது.

“ஸ்கற்றர் எண்டு போடுங்கோ அம்மா,” என்றாள் மகள் பிரதீபா. “எல்லாரும் சிதறித்தானே ஓடினவை. ஒரு சொல்லுக்கு இவ்வளவு பாடோ? உங்களிட்டைப் படிச்சதுகள் பாவம்.”

கனகாம்பிகை பேனையைக் கீழே வைத்தாள்.

“நாங்கள் சிதறேல்லை பிள்ளை. ஒண்டாய்ப் போனால் ஒரு ஷெல்லோடை எல்லாரும் முடிஞ்சிடுவம். ஆராவது மிஞ்சவேணுமெண்டு ரெண்டாய்ப் பிரிஞ்சம். உன்னை நான் கூட்டிக்கொண்டு வந்தன். உன்ரை அப்பாவையும் கோகுலனையும் கடற்கரைப் பாதையாலை அனுப்பினது நான்.”

அந்த நாள்களில் பல குடும்பங்கள் அப்படிப் பிரிந்துதான் போயின. அப்போது ஆறு வயதான பிரதீபாவுக்கு அது தெரியாது.

“அதை ஏனம்மா எழுதவேணும்? ஆர் கேட்டது?”

“சிதறினதெண்டு எழுதினால் எல்லா இடமும் தேடுவினம். கோகுலன் நான் சொன்ன பாதையாலைதான் போயிருப்பான். சொல்வழி கேக்கிற பிள்ளை.”

‘ஸ்பிளிற் அப்’, பிரிந்துபோனோம், என்று எழுதினாள். முடிவு தன்னுடையது என்றும் ஒரு வரி சேர்த்தாள். பிறகு பாதையின் பெயரை எழுதத் தொடங்கினாள். பிரதீபா தாளை அசையாமல் பிடித்துக்கொண்டாள்.